மக்டலீன் அக்காவின் மூடிய கை

1

இராசநாயகம் முற்றத்தில் நின்று சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

(அழிக்க வேண்டிய வரி. இந்தக் கதை பிறந்தது அவர் இறந்த பிறகு. அச்சுவேலியில் எங்கள் பக்கத்து வீடு. அவர் சைவம், மனைவி மக்டலீன் அக்கா வேதக்காரி, அதாவது கிறிஸ்தவர். தன்னை எரிக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார், எரித்தாயிற்று. மறுநாள் அக்கா வேலியடியில் நின்று கேட்டார்: "பிள்ளை, நீர் கதை எழுதுற ஆள்தானே. சாம்பலாப் போன மனிசன் எப்பிடி எழும்பும்?" எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.)

2

உயிர்த்தெழுதல் என்பது கிறிஸ்தவத்தின் மையமான...

சீ, பரீட்சை விடை மாதிரி இருக்கிறது. அக்காவே சொல்லட்டும்.

"இயேசு பிறந்த நத்தாருக்குப் பலகாரம் சுடுறம், சரி. ஆனா உயிர்த்த ஞாயிறு இல்லையெண்டா எங்கடை வேதத்திலை ஒண்டுமில்லை. அவர் கல்லறையிலை இருந்து எழும்பினபடியாத்தான் நாங்களும் எழும்புவம். உடம்போடை. அண்டைக்கு இந்த மனிசன் எனக்குப் பக்கத்திலை நிக்க வேணும்."

சேமக்காலையில், தன் குடும்பக் கல்லறைக்குள் சாம்பல் நிறைந்த மண் முட்டியைப் புதைக்க அக்கா ஆசைப்பட்டார். கொழுந்தன் தியாகலிங்கம் மறுத்துவிட்டார். கீரிமலைக் கடலில் கரைக்காவிட்டால் அண்ணையின் ஆத்மா அலையுமாம்.

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன், பெரிய மீசைகூட வைத்தேன். சரிவரவில்லை. பாவம், அவரும் அழுதுகொண்டுதான் மறுத்தார்.)

3

அந்தியேட்டி* அன்று கீரிமலை. நானும் போயிருந்தேன். முட்டி தியாகலிங்கத்தின் கையில். அக்கா அதை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"அண்ணி, உங்களைப் பெத்த அப்பு கடலிலை போனவர்தானே? உடம்பும் கிடைக்கேல்லை. அவர் எழும்பமாட்டாரோ?"

"விசர்க்கதை கதையாதையும் தம்பி. எழும்புவார். கடலும் ஆண்டவரின்ரைதானே."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அக்காவுக்கே கேட்டது. கொஞ்ச நேரம் அழுதார்.

"ஓம். தாரும், நானே விடுறன்."

* இறந்தவருக்குச் சைவர்கள் செய்யும் கடைசிக் கிரியைகளில் ஒன்று.

4

முதல் முடிவு: முட்டியைக் கவிழ்த்தார், சிலுவை அடையாளம் போட்டார், வீடு திரும்பினோம். (அழகாக இருக்கிறது. அதனால்தான் நம்ப முடியவில்லை.)

இரண்டாவது: முட்டி கவிழ்ந்த பிறகும் அக்காவின் வலது கை மூடியே இருந்தது. தியாகலிங்கம் அதைக் கண்டார். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"முழுகிட்டு வாங்கோ அண்ணி. அந்தக் கையை மட்டும் நனைக்காதேங்கோ."

5

அந்தக் கையை நான் விரிக்கப் போவதில்லை. உள்ளே இருந்தது சேமக்காலைக்குப் போயிற்றா, கடலுக்கே திரும்பியதா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

உயிர்ப்பை நான் நம்புகிறேனா என்று கேட்டால், தெரியாது. ஆனால் அந்த முதல் வரியை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள். இராசநாயகம் முற்றத்தில்தான் நிற்கிறார்.