நாலாம் பாத்தி

சம்பங்கியில் ஆறு ரகம். ரகத்துக்கு ஒரு பாத்தி, பாத்திக்கு நாற்பது கிழங்கு. சுண்ணாம்புக்குளம் கிராமத்து உப்புத் தண்ணீரில் எது பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் நஸ்ரியாவின் ஆராய்ச்சி. நாலாம் பாத்தி நெட்டை ரகத்தில் நாற்பதும் பிழைத்திருந்தன. நெட்டையாக வளரும் ரகம் உப்பையும் தாங்கும், இரண்டு குணமும் சேர்ந்தே வரும் என்று கல்லூரிக் கருத்தரங்கில் மைக் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கைதட்டல் வேறு.

இந்த வாரம் பூந்தண்டு வந்ததும் கணக்கு உதைத்தது. ஒரே ரகத்துத் தண்டுகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நாலாம் பாத்தியிலோ இடுப்பளவுத் தண்டுக்குப் பக்கத்தில் முழங்காலளவுத் தண்டு. மூன்று தடவை அளந்தாள். டேப் என்ன பொய்யா சொல்லும்? நாளைக் காலை பேராசிரியர் பார்க்க வருகிறார்.

நிலத்துக்காரி அம்பிகாவைக் கேட்டாள். நெல் நட்டுப் பழகிய கை அது. பதிலில் பெருமைதான் இருந்தது.

"மொத மாசம் நீ ஊருக்குப் போயிருந்தப்ப இதுல பாதி அழுகிப்பூடுச்சும்மா. பாத்தி பொக்கையா கெடந்தா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க? அஞ்சாம் பாத்திக்குப் போக மிச்சமிருந்த கெழங்க ஊனி ரொப்பிட்டேன்."

மற்ற பாத்திகளில் ஒன்றிரண்டுதான் போனதாம், அதனால் தொடவில்லையாம். செத்த நாற்றுக்கு மாற்று நடாதவளை ஊர் சோம்பேறி என்று சொல்லும். செத்ததை எண்ணத்தான் இந்த வயலே போட்டது என்று நஸ்ரியா அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பாத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா என்று மட்டும் சொல்லியிருந்தாள். அக்கா நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

அஞ்சாம் பாத்தி குட்டை ரகம். நாலாம் பாத்தியில் குட்டைகளை எண்ணினாள். பத்தொன்பது. ஆறு ரகத்திலும் அதிகம் செத்தது அவள் தலையில் தூக்கிவைத்து ஆடிய நெட்டைதான். அழுகை முட்டியது.

அவள் முகத்தைப் பார்த்து அம்பிகா பயந்துபோனாள். அரிவாளை எடுத்துவந்தாள்.

"குட்டைத் தண்ட மட்டும் அறுத்துடறேன். பூ பறிச்சாச்சுனு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

உண்மையிலேயே யாருக்கும் தெரியாது. வெறும் இலையை வைத்து ரகம் பிரிக்கப் பேராசிரியராலும் ஆகாது. சரி என்ற சொல் நஸ்ரியாவின் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியரே போன் செய்தார். கருத்தரங்குக்கு வந்தவர்களில் இரண்டு பேரையும் கூட்டிவருவதாகச் சொன்னார். நாற்பதும் நிற்கிறதுதானே என்று கேட்டார்.

அம்பிகா பாத்திக்குள் குனிந்து, முதல் குட்டையைப் பிடித்தபடி இவள் தலையசைப்புக்காகக் காத்திருந்தாள்.

"இருபத்தொண்ணுதான் சார்" என்றாள் நஸ்ரியா.