என்னைப் பற்றிக் கேட்டவனோ?

கிருஷ்ணராசாவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஏழு மாதமாகியிருந்தது. கீமோவை நிறுத்திவிட்டார்கள். தோர்ண்டன் ஹீத்தில் இருந்த அவர்களுடைய வீட்டின் முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்து சேர்ந்தது. உடம்பு நோவுக்கு மோர்பீன் இருந்தது. பயத்துக்குத்தான் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினால் போய்விடுவோம் என்று விழித்தபடியே சாய்ந்து கிடப்பார். மனைவி நகுலேஸ்வரியோடுகூடப் பேச்சை விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. ஒருவகைக் காளானில் உள்ள சத்தை மாத்திரையாக்கி, கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு அவரவர் வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கிறார்களாம். சாவுப் பயம் குறையுமாம். மூன்று தடவை வந்து பேசிப் பழகிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மெற்றில்டா என்ற தமிழ்த் தாதியும் ஒரு வெள்ளைக்கார டொக்டரும் மாத்திரையோடு வந்தார்கள். அவர் கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்து, காதில் மெல்லிய இசையை விட்டு, கட்டிலின் இரு பக்கமும் அமர்ந்தார்கள். நகுலேஸ்வரியை அறைக்கு வெளியே இருக்கச் சொன்னார்கள்.

இரண்டு மணித்தியாலம் ஒரு சத்தமுமில்லை. பிறகு அவர் அழுவது கேட்டது. அதன்பின் சிரித்தார். சிரிப்புக்கு நடுவே, "டேய் டினேஷ்!" என்றார்.

குசினியில் அடுப்படியோடு நின்ற நகுலேஸ்வரி கதவைப் பிடித்துக்கொண்டாள். டினேஷ் அவர்களுடைய ஒரே பிள்ளை. எட்டு வருடத்துக்கு முன், இருபது வயதில், மோட்டார்சைக்கிளோடு லொறியில் மோதிச் செத்துப்போனவன். அன்றிலிருந்து தகப்பன் அந்தப் பெயரை வாயால் எடுத்ததில்லை.

பின்னேரம் துணியை எடுத்தபோது அவர் முகத்து இறுக்கமெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"நகுலா, அவனைக் கண்டனான். எனக்கு இனிப் பயமில்லை."

"என்னைப் பற்றிக் கேட்டவனோ?"

"அவனைக் கண்ட சந்தோசத்தில எனக்கு வேற ஒண்டும் ஞாபகம் வரேல்லையப்பா."

வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த மெற்றில்டாவிடம் நகுலேஸ்வரி கெஞ்சினாள். "பிள்ளை, எனக்கும் ஒருக்கா அந்த மருந்தைத் தர ஏலாதோ?"

"நோயாளியளுக்குக் குடுக்க மட்டும்தான் அன்ரி, எங்களுக்கு அனுமதி." மெற்றில்டா சொல்லிவிட்டும் போகாமல் நின்றாள்.

அன்றிலிருந்து அவர் நன்றாகத் தூங்கினார். அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க நகுலேஸ்வரிக்கு வயிறு எரிந்தது. எரிகிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள். தினமும் காலையில் அவருக்கு முகம் துடைத்துவிடும்போது கேட்பாள்.

"என்ன சேட் போட்டிருந்தவன்?"

"நீலம்."

"மெலிஞ்சுபோனானோ?"

"இல்லை. நல்லா இருக்கிறான்."

மூன்றாம் நாள் நீலச் சேட் வெள்ளையாயிற்று. ஐந்தாம் நாள், டினேஷ் அம்மாவின் நண்டுக்கறியைக் கேட்டான் என்றார். தனக்காக இட்டுக்கட்டிச் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவள் மறிக்கவில்லை. "பிறகு?" என்று கேட்டாள்.

பதினோராம் நாள் அவருக்குப் பேச்சு நின்றது. பார்க்க வந்த மெற்றில்டா, "காது கேக்கும் அன்ரி, கதையுங்கோ," என்று சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் போனாள்.

நகுலேஸ்வரி குனிந்தாள். "இஞ்சேருங்கோ, அவன் மோதின அண்டைக்குக் காலமை, வெளிக்கிடேக்க நான் ஏசினனான். உங்களுக்குச் சொல்லேல்லை. என்ர முகத்தில முழிக்காதை எண்டு சொல்லிப்போட்டன். அவன் திரும்பிப் பாக்காமல் போயிட்டான். அம்மா மனசார அப்பிடிச் சொல்லேல்லை எண்டு அவனிட்டைச் சொல்லுங்கோ."

அவருடைய இமைகூட அசையவில்லை. அடுத்த நாள் மத்தியானம், அவள் உடுப்பு மாற்றப் போன நேரத்தில் மூச்சு அடங்கிவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த மெற்றில்டாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்குமோ, பிள்ளை?"

"கேட்டிருக்கும் அன்ரி."

நகுலேஸ்வரி அதை நம்பப் பார்த்தாள்.