அடுத்தவன் ஏறும் ரயில்

அமெரிக்காவில் டென்வர் நகரத்துப் புறநகருக்கு ரயிலை நீட்ட, விற்பனை வரியைக் கொஞ்சம் கூட்டலாமா என்று மக்களிடமே ஓட்டெடுப்பு. கூட்டலாம் என்று ஓட்டுப் போடச் சொல்லி வீடு வீடாக அலைந்தாள் லொரெட்டா. பஸ்ஸுக்குக் காத்து நின்றே கால் வீங்கிப்போனவள்.

ஒரு வீட்டு வாசலில் ஹாஸ்கெல் என்பவர் சிரித்தார். "ரயில்ல நானா? எனக்கென்ன தலையெழுத்தா? மத்தவன்லாம் அதுல போயிட்டா ரோடு எனக்குக் காலியா கிடைக்கும்ல? என் ஓட்டு உனக்குத்தாம்மா!"

அவளுக்கு உடம்பு கூசியது. பிரச்சார ஆபீசில் இதைச் சொன்னபோது, ஆலோசகர் பிரென்ட் துள்ளிக் குதித்தான். "இதான் வேணும்! நோட்டீஸ்ல ரயில் படத்தைத் தூக்கிட்டு காலி ரோட்டைப் போடுங்க!"

அமோக வெற்றி. தூ!

பிறகு, ஸ்டேஷனை எங்கே கட்டுவது என்று ஊர்க்கூட்டம் நடந்தது. ஹாஸ்கெல்தான் முதலில் மைக்கைப் பிடித்தார். "எங்க பக்கம் வேணாம். கண்டவனும் வந்து இறங்குவான்."

கூட்டம் கைதட்டியது. பின்னால் பேசிய ஒவ்வொரு தெருக்காரரும் வெட்கமே இல்லாமல் அதையே சொன்னார்.

லொரெட்டா எழுந்தாள். "அப்போ நான் எங்க சார் ஏறுறது?"

ஹாஸ்கெல் நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, உன்கிட்ட கார் இல்லையா?"