கவுளிக்குக் காத்திருந்தவள்

அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் இருந்தவர்கள்: கண் மருத்துவர் ரிஃபத், நர்ஸ் புவனா, மேசையில் படுத்திருந்த என் மகள் மோகனப்பிரியா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோபிசெட்டிபாளையம் பாலுசாமியாகிய நான். என் மனைவி ராசாத்தாள் வெளியே பெஞ்சில் இருந்தாள். வேறு யாரும் இல்லை.

மோகனப்பிரியாவுக்கு டவுன் சிண்ட்ரோம். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் வீட்டு விசேஷம் எதிலும் அவளைப் பின்வரிசையில் உட்கார வைத்ததில்லை. இடது கண்ணில் சிறு வயதிலிருந்தே பார்வை கிடையாது. வலது கண்ணில் இப்போது புரை. இதயம் பலவீனம் என்பதால் முழு மயக்கம் கொடுக்க முடியாது, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்யலாம் என்று கோயமுத்தூரில் சொல்லிவிட்டார்கள்.

"அசைஞ்சா இருக்கிற பார்வையும் போயிருமுங்க. கையை மெத்துன்னு ஒரு துணியில கட்டிக்கலாம்," என்றார் ரிஃபத்.

"எங்க ஊட்டுப் பொண்ணைக் கட்டிப்போட்டு ஒண்ணும் செய்ய வேண்டாமுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஏனுங்க, நீங்க கோவிச்சுக்கிட்டா அவங்களுக்குக் கண்ணு தெரியுமுங்களா?" என்றாள் புவனா. பிறகு குனிந்து, "அம்மணி, ஆடாம அசையாம படுத்துக்குவியா?" என்று கேட்டாள்.

"கவுளி கேக்கறாப்பலயா?" என்றாள் மகள்.

எந்தக் காரியமானாலும் குலதெய்வக் கோயிலில் உட்கார்ந்து பல்லி சத்தத்துக்குக் காத்திருப்பது எங்கள் வழக்கம். அதுதான் கவுளி. அதுவரை பேசக்கூடாது, அசையக்கூடாது.

"அதேதான், கண்ணு," என்றேன்.

"சரி, கட்டாமயே பாக்கலாமுங்க. அசைஞ்சா உடனே நிறுத்திப்போடுவேனுங்க," என்று சொல்லிவிட்டு ரிஃபத் ஆரம்பித்தார்.

கண்ணோரத்தில் ஊசி இறங்கியது. அவள் அசையவில்லை. சூரியனைப் போல விளக்கு எரிந்தது; தலைமாட்டில் மெசின் டிக் டிக் என்றது. அசையவில்லை. என் கைக்குள் அவள் விரல்கள் இறுகாமல், சன்னிதியில் மடிமேல் வைத்திருப்பது போலவே கிடந்தன. கோயிலில் பெரிய மனிதர்கள் இருமுவார்கள், வேட்டியைச் சரிசெய்வார்கள். கண்ணைத் திறந்து கருவியை நுழைக்கும்போது இப்படிக் கிடக்க அவர்களில் எவராலும் ஆகாது. நான்தான் நிலைகொள்ளாமல் கால் மாற்றி மாற்றி நின்றேன்.

"ஐயா, நீங்க ஆடாதீங்க," என்றார் ரிஃபத், நிமிராமலே.

லென்ஸ் வைத்து முடித்ததும் அவர் கண்ணுக்குக் கட்டுப் போட்டார்.

"மெசின்ல கவுளி நெறையச் சொல்லுச்சுங்கப்பா," என்றாள் மோகனப்பிரியா.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். என் முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். "மீசை பூரா வெள்ளையாயிருச்சுங்கப்பா," என்று சிரித்தாள்.

கைகாலைக் கட்டித்தான் ஆபரேஷன் செய்தார்கள் என்று ஊரில் பேசுகிறார்கள். கட்டவில்லை.