ஒற்றை என்ஜினில் லாங்வேர் வரை

என் கணவன் அஸ்பியோர்னுக்குக் காதில் விழவே கூடாத கேள்வி ஒன்று உண்டு. "உதவி வேணுமா?" யாராவது கேட்டுவிட்டால் முகம் சிவந்துவிடும். எங்கள் கடற்கரையிலோ அதைத்தான் எல்லோரும் எல்லோரிடமும் கேட்பார்கள். ஒரு படகு மெதுவாகப் போவதைப் பார்த்தால் பக்கத்தில் வந்து கேட்காமல் போகிறவன் மனிதனே இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஒரே மகள் தூருனின் கல்யாணத்துக்குப் போகும்போது பாதி வழியில் படகு நின்றது. அடுத்தடுத்து மூன்று பேர் வந்து கயிறு போட்டு இழுத்துப் போகிறேன் என்றார்கள். மூன்று பேரையும் திருப்பி அனுப்பிவிட்டு இவனே உட்கார்ந்து பழுது பார்த்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேவாலயத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து தூருன் இவனோடு பேசுவதில்லை. போனை இவன் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க", அவ்வளவுதான்.

இப்போது அவளுக்கு ஆண் குழந்தை. ஞாயிறு பதினொரு மணிக்கு லாங்வேர் தீவில் ஞானஸ்நானம். "அந்த மனுஷன் இந்தத் தடவையும் வந்து சேரலைன்னா, இனி இந்தப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லிடும்மா" என்றாள். எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் ஞானஸ்நானத்தில் உடுத்துகிற வெள்ளை அங்கியும் என்னிடம்தான் இருந்தது. அதை வைத்திருந்த அட்டைப்பெட்டியை மடியை விட்டு இறக்காமல் வந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வழக்கமாக டீசல் போடும் துறைமுகத்தில் நின்றோம். ஊரிலேயே நிரப்பிக்கொள்வோம் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. இங்கே பம்பின் கார்டு மெஷின் செத்துக் கிடந்தது. திங்கட்கிழமைதான் ஆள் வருவார் என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். எங்களை ஏற்றிப்போக வேறு படகும் திங்கட்கிழமைதான்.

அஸ்பியோர்ன் டாங்கில் குச்சியை விட்டுப் பார்த்தான். நூற்றுப் பத்து லிட்டர். போக வேண்டியதோ ஐம்பத்தாறு கடல் மைல். எங்கள் படகுக்கு ரெண்டு என்ஜின். ரெண்டையும் முடுக்கி இவன் பறக்கிற வேகத்துக்கு மைலுக்கு நாலு லிட்டர் குடிக்கும்.

"பக்கத்துல நிக்கிற மீன்படகுல நூத்தி இருபது லிட்டர் கேளேன்" என்றேன்.

"கேக்கவா? நானா?"

"வேற யாரு, நம்ம படகு கேக்குமா?"

கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தான். பிறகு, "வலது என்ஜினை நிறுத்திடறேன். ஒத்த என்ஜின்ல, மணிக்கு ஆறு மைல் வேகத்துல போனா மைலுக்கு ஒரு லிட்டர் சொச்சம்தான் ஆகும். சாயங்காலத்துக்குள்ள போயிடலாம்" என்றான்.

"மிச்சமாகறது என்ஜினை நிறுத்தறதாலயா, நீ ஆமை மாதிரி போறதாலயா?"

"ரெண்டும்தான். ஆனா முக்காவாசி மெதுவாப் போறதாலதான்" என்று முணுமுணுத்தான். முப்பது வருஷமாக நான் சொல்லிவந்த விஷயத்தை அவனே கண்டுபிடித்த மாதிரி சொன்னான். போகட்டும் என்று விட்டேன்.

கிளம்பினோம். ஒற்றை என்ஜின் தள்ளுவதால் படகு ஒரு பக்கமாகவே இழுத்தது. சுக்கானைக் கொஞ்சம் திருப்பியே பிடித்திருந்தான். நிறுத்திய என்ஜினின் புரொப்பெல்லர் தண்ணீர் இழுப்பில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் கியர் பெட்டி சூடேறலாம். அரை மணிக்கு ஒருமுறை சுக்கானை என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான்.

முதல் ஆள் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார். நண்டு பிடிக்கும் ஒட்வார். "என்னப்பா, ஒரு பக்கம் செத்துப்போச்சா? கயிறு போடவா?"

"எல்லாம் நல்லா இருக்கு! டீசல் மிச்சம் பண்றேன்!"

"நீயா?" ஒட்வார் சிரித்த சிரிப்பில் அவர் படகே ஆடியது. "குட்னி, இந்த ஆளுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று என்னைக் கேட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல, வாய்தான்" என்றேன்.

அவருக்குப் பின் ஒரு மீட்புப் படகு. பிறகு சால்மன் மீன் பண்ணை ஆட்கள். மதியம் பழுப்புச் சீஸ் வைத்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ஒரு ஜெர்மன்காரக் குடும்பத்தின் பாய்மரப் படகு எங்களைத் தாண்டிப் போனது. தாண்டும்போது அவர்களும் கேட்டார்கள். அஸ்பியோர்ன் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான்.

"காத்துல போறவன் எனக்கு உதவறானாம்!"

"கேக்கறவங்க உன்னைக் கேவலமா நினைக்கலைடா. அது உன் மண்டையில ஏறவே ஏறாதா?" எனக்கும் பொறுமை போயிருந்தது. "அன்னிக்கு ஒரு கயிறைப் பிடிச்சிருந்தா நம்ம பொண்ணு கல்யாணத்தைப் பாத்திருப்போம்."

கீழே போய் கியர் பெட்டியைப் பார்க்கிறேன் என்று இறங்கியவன் ரொம்ப நேரம் மேலே வரவில்லை. வந்தபோது கண் கலங்கியிருந்தது. டீசல் புகை என்றான். என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது.

ஏழு மணிக்கு லாங்வேர் தெரிந்தது. குச்சியை விட்டுப் பார்த்தான். இன்னும் நாற்பத்திரண்டு லிட்டர் இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தான். "பாத்தியா! பாத்தியா!"

அப்போதுதான் தீவிலிருந்து ஒரு சிறிய படகு எங்களை நோக்கி விரைந்து வந்தது. வழியில் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? அஸ்பியோர்ன் படகு ஊனமாகி ஊர்ந்து வருகிறது, வாயைத் திறந்து சொல்லமாட்டான் என்று ரேடியோவில் ஆளுக்கு ஆள் சொல்லி, செய்தி தீவுக்குப் போய்விட்டது. மருமகன் ஐவின் படகை ஓட்டினான். முன்னால் தூருன் நின்றிருந்தாள், கையில் சுருட்டிய கயிறு.

எங்களுக்கும் துறைக்கும் நடுவே ஒரு மைல்கூட இல்லை. என்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை. அஸ்பியோர்ன் நெஞ்சை நிமிர்த்தினான், வாயைத் திறந்தான். இதோ, 'எல்லாம் நல்லா இருக்கு'ன்னு சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். என்னால் அவனைத் தடுக்கவும் முடியவில்லை.

தூருன் கயிற்றை வீசவில்லை. பிடித்தபடியே நின்றாள்.

"உதவி வேணுமாப்பா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, ஓடிக்கொண்டிருந்த அந்த ஒரு என்ஜினையும் அணைத்தான்.

"வேணும்மா" என்றான். "ரொம்ப வேணும்."