அச்சாகாத கடைசிப் பத்தி

ரபீகா டீச்சர் எதைப் பற்றி எழுதினாலும் அங்கே போகும் வழியையும் சேர்த்தே எழுதுவார். முப்பத்தெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். கண்ணால் பார்க்காத பிள்ளை காட்டுக்காக வாய் திறக்காது என்பது அவருடைய பிடிவாதம். ஓய்வு பெற்று அம்பிட்டியவிலுள்ள தன் வீட்டில் இருந்தபடி, ஞாயிறு பத்திரிகையின் மாணவர் பக்கத்துக்கு அவர் அனுப்பும் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் கையால் வரைந்த ஒரு படம் இருக்கும். எந்த பஸ், எந்த மதகில் இறங்குவது, அங்கிருந்து எத்தனை எட்டு வைப்பது.

மூக்கின் நுனியில் இலை ஒட்டினாற்போலக் கொம்பு முளைத்த ஓணானைப் பற்றி எழுதியபோதும் அப்படித்தான். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்த உயிர் பன்விலவுக்கு மேலே ஏலக்காய்க் காட்டில், ஏதோ கனவிலிருந்து வழி தவறி வந்ததுபோல அசையாமல் இருக்கும்.

கட்டுரை வந்த அடுத்த வாரம் வத்தேகமவிலிருந்து சேதுராமன் என்பவரின் கடிதம் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. ஓணான் இரவில் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் உறங்கும், மழைக்கு மரத்தின் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்றெல்லாம் கேட்டிருந்தார். இவ்வளவு நல்ல கேள்விகளை வகுப்பில்கூட யாரும் கேட்டதில்லை. டீச்சர் மகிழ்ந்துபோய் நான்கு பக்கம் பதில் எழுதினார். இரண்டாவது கடிதத்தில் ஒரே கேள்விதான் இருந்தது. வேறு எங்காவது உண்டா?

உண்டு. இருபது வருடத்துக்கு முன் டீச்சர் தனியாகக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஓர் ஓடை. நன்றாகக் கேட்பவரிடம் ஒளிக்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த கட்டுரையை அந்த ஓடையைப் பற்றியே எழுதித் தபாலில் சேர்த்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் யசோதா வந்தாள். அவரிடம் படித்து, இப்போது பன்விலவில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள். ஓணான் காட்டுவதற்காகப் பிள்ளைகளை அந்த ஏலக்காய்க் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

"ஒன்னுகூட இல்லீங்க டீச்சர். நாப்பது மரம் பாத்தோம். மரத்துக்கு மரம் நூல் சுருக்கு மட்டும் தொங்குது."

ஒரு மரத்தடியில் கிடந்ததென்று பொலித்தீனில் சுற்றிய ஒரு தாளை நீட்டினாள். டீச்சரின் ஓணான் கட்டுரைதான். படத்தில் மரங்களுக்குச் சிவப்பு மையில் இலக்கம் போட்டிருந்தது. ஓரத்தில் மூன்று அடி, ஐந்து அடி, மழையில் கீழ்ப்பக்கம் என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அந்த விவரங்கள் கட்டுரையில் இல்லை. சேதுராமனுக்கு எழுதிய பதிலில் மட்டும்தான் இருந்தன.

தபாலில் சேர்த்த ஓடைக் கட்டுரை டீச்சரின் நினைவுக்கு வந்தது. உடனே பத்திரிகைக் காரியாலயத்துக்கு ஃபோன் எடுத்தார். மாணவர் பக்கம் வியாழனே அச்சாகி முடிந்ததாம். பக்கத்தைப் பார்க்கும் ஹலீம், டீச்சர் வேறெதற்கோ கோபிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு சமாதானம் சொன்னார்.

"கடைசிப் பத்தி மட்டும் வெட்டுப்பட்டுட்டு டீச்சர். விளம்பரம் ஒண்டு வந்திச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

படத்தில் பாதை இரண்டாகப் பிரியும். அதில் எந்தப் பக்கம் திரும்புவது என்பது அந்தப் பத்தியில்தான் இருந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக, தன் எழுத்தை வெட்டியதற்காக டீச்சர் அல்லாஹ்வைப் புகழ்ந்தார். ஆனால் தேடுகிறவனுக்கு ஒரு பகல் போதும். வனசீவராசிக் காரியாலயம் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை ஓடையடியில் தானே போய் நிற்பதென்று முடிவு செய்தார். வேறு யாரிடம் வழி சொல்வது?

ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் கூட்டமில்லை. வத்தேகமவில் ஏறிய ஒருவன் டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சேர்ட், படிய வாரிய தலை. மடியில் அன்றைய பத்திரிகை. அதன் கீழே ஒரு சப்பாத்துப் பெட்டி. மூடியில் சிறுசிறு துளைகள்.

"வணக்கம் டீச்சர். பேப்பர்ல ஒங்க படம் பாத்திருக்கேன். நான்தான் சேதுராமன்."

டீச்சரின் கண் மூடியின் துளைகளில் நின்றது. அவன் மாணவர் பக்கத்தை விரித்து, படத்தில் பாதை பிரியும் இடத்தில் விரலை வைத்தான்.

"கடைசில கொஞ்சம் விட்டுப்போச்சு போல. இதுல எந்தப் பக்கங்க?"

"மறந்து போச்சு."

"பரவாயில்லங்க," என்றான் மரியாதையாக. "நீங்களும் அங்கதான போறீங்க."

பஸ் பன்விலவைத் தாண்டி மேலே ஏறியது. மூடுபனி கண்ணாடியில் வந்து அப்பிக்கொண்டது. ஓடைக்குப் போக இறங்க வேண்டிய மதகு வந்தது. யாரோ மணியடிக்க, பஸ் நின்றது. டீச்சர் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார். சேதுராமன் அவருடைய முகத்தைப் பார்த்தான். அவனும் எழும்பவில்லை. மதகு பின்னால் போய் வெள்ளையில் கரைந்தது.

கடைசித் தரிப்பில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

"உம்மா, இதுக்கு மேல பஸ் போகாது, எறங்குங்க," என்றான் கொண்டக்டர்.

சேதுராமன் சீட்டுக்கடியில் இருந்த டீச்சரின் குடையை எடுத்துத் தூசு தட்டி நீட்டினான்.

"அவசரமில்ல டீச்சர். திரும்பிப் போற பஸ்லயும் ஒங்களுக்கு எடம் புடிச்சு வைக்கிறேன்."