அக்கா கொடுத்த இலை

ஆய்வகத்தில் அவளைச் 'சாறுக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இலை, வேர், பட்டை எது வந்தாலும் சாறெடுத்து, அது டி.என்.ஏ.வை உடைக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. இரண்டு தட்டுகளில் ஈஸ்ட் வளர்ப்பாள். ஒன்று சாதாரணம், மற்றதற்கு உடைந்த டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. அது மட்டும் செத்தால், சாறு டி.என்.ஏ.வை உடைக்கிறது என்று அர்த்தம்; புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டலாம். முந்நூறு செடிகள் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை.

அவள் அக்கா, மூட்டுவலிக்கென்று வேலியோர இலை ஒன்றைக் கொதிக்கவைத்துக் குடிப்பாள். "என் இலையையும் உன் தட்டுல போட்டுப் பாரேன்டி" என்று கேலியாக ஒரு கொத்து கொடுத்தாள். போட்ட மூன்றாம் நாள், இரண்டாவது தட்டில் சாறு பட்ட இடம் மட்டும் வட்டமாக வெறிச்சோடிக் கிடந்தது. சாறுக்காரி மேசையைத் தட்டிக் கூத்தாடினாள்.

"கட்டுரை வெளியாகிற வரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார் மேலாளர்.

அவளும் விடவில்லை. "என் இலை பாஸா, ஃபெயிலா?" என்று அக்கா போனில் கேட்டபோது, "இன்னும் பாக்கலக்கா" என்று கூசாமல் சொன்னாள். செத்தது ஈஸ்ட்தானே என்று மனதுக்கும் ஒரு சமாதானம் சொல்லிவைத்தாள்.

மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனாள். ஆறு மாதக் கர்ப்பிணியான அக்கா மகள், கையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். "இடுப்பு வலின்னா. நேத்துலேர்ந்து இவளுக்கும் குடுக்கறேன்" என்றாள் அக்கா.

சாறுக்காரி டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள். தட்டில் பார்த்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். "மனுஷங்களை என்ன பண்ணும்னு தெரியாதுக்கா. ஆனா வேண்டாம்."

"உனக்கு எப்போ தெரியும்?"

இன்றைக்குத்தான் என்று சொல்ல வாய் துடித்தது. "மூணு வாரமாச்சு."

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அக்காவோ அடுப்பை அணைத்துவிட்டு, "சாப்பிட்டுத்தானே போவ?" என்று விருந்தாளியிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

அக்கா மகளுக்குச் செய்த பரிசோதனையில் கோளாறு எதுவும் தெரியவில்லை என்றார் மருத்துவர். ரகசியத்தை உடைத்ததற்கு மேலாளர் எகிறினார். அது அவளுக்கு உறைக்கவேயில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. போன் பண்ணிச் சொன்னது அத்தான்தான், அக்கா இல்லை. பார்க்கப் போனவளிடம், "தூக்கிக்கோங்க சித்தி" என்று அக்கா மகள் குழந்தையை நீட்டினாள். மருத்துவமனைக் குழாயில் ஒருமுறை கழுவிய கைகளை இன்னொருமுறை கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி, சாறுக்காரி வெளியே போய் நின்றாள்.